நம் சங்கத்தில் இப்போது மணி என்ன?

பாறசாலை,
மகரம் இருபது.

என்றும் பாசம் குறையாத மருமகன் அனூஜுக்கு, மாமன் வேலாயுதன் சொல்லி ராஜையா சார் எழுதுவது. இங்கே நானும் மகள் சுகுமாரியும் பசுவும் சுகம். பெங்களூர்க் குளிரில் நீயும் உன் வீட்டில் உள்ள எல்லாரும் சளி பிடிக்காமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். நான் எழுத்துப் படிக்காதவன். எண் மட்டும் தெரியும், அதுவும் கடிகாரம் பார்க்கிற அளவுக்கு. ராஜையா சார் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆகையால் நான் சொல்வதை நல்ல தமிழாக்கித்தான் எழுதுவார். ஆட்கள் வாயால் பேசியதை மட்டும் பேசினபடியே எழுத வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ நம்முடைய ரப்பர் சங்கத்தில் நாலு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து வைத்தது எந்த வருஷம் என்று இங்கே தர்க்கம் நடக்கிறது. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சாராயக் கடைகளைச் சர்க்கார் பூட்டிய வருஷம் அது. ஆறு கடலில் சேருகிற பூவார் அழிமுகத்தில் கல்யாணக் கூட்டத்தோடு போன வள்ளம் மணல்திட்டில் ஏறி நின்று, முகூர்த்தம் தப்பிவிடும் என்று பெண்ணும் மாப்பிள்ளையும் வள்ளத்திலேயே மாலை மாற்றிக்கொண்டதும், எனக்கு மேல்வரிசையில் கடைசியாக இருந்த பல் விழுந்ததும், என் பசு இரட்டைக் கன்று போட்டதும் அந்த வருஷம்தான். கன்றுகளைப் பார்க்க வந்த நீ வெள்ளைக் காற்சட்டையோடு சாணத்தில் உட்கார்ந்தாய். அந்தக் காற்சட்டையோடுதான் மறுநாள் சங்கத்தில் பெட்டிகளுக்குக் கம்பி இழுத்தாய். ஆக, வருகிற மேடத்தில், அதாவது சித்திரையில், இரண்டு வருஷம் முடிகிறது. இப்போது காரியத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டிகளால் சுகுமாரியின் வேலை போக இருந்தது. இன்னும் முழுசாகத் தப்பவில்லை.

நீ அன்றைக்கு எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. பிரசிடெண்ட் ராஜதாஸின் கண்ணாடி அறையில் இருப்பது பெரிய பெட்டி, நேரம் என்பது அதனிடம்தான் இருக்கும், வெளியே சுகுமாரி, ஷிபு, ஸ்ரீகுமாரி ஆகிய மூவரின் மேஜையில் இருப்பவை சின்னப் பெட்டிகள், காலையில் ஒவ்வொருவரும் தன் பெயரை அடித்து நுழையும்போது சின்னப் பெட்டி பெரிய பெட்டியிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளும், அப்படியாக நாலும் நாள் முழுவதும் ஒரே நேரம் காட்டும் என்றாய். நாலு பேர் இருக்கிற எந்த வீட்டிலும் நடக்காத காரியம் ஆயிற்றே என்று எனக்கு அப்போதே தோன்றியது, மருமகனைச் சபையில் மறுத்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மக்கா, நீ ஒரு பிழை செய்தாய். பெரிய பெட்டியின் நேரத்தை எப்படித் திருத்துவது என்று ராஜதாஸுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, பின்னால் ஷிபு நின்றுகொண்டிருந்தான். நீ சனிக்கிழமை வண்டி ஏறினாய். புதன்கிழமைக்குள் நேரத்தை மாற்றத் தெரியாத ஆள் சங்கத்தில் மணி அடிக்கிற நானும், ரப்பர் பாலுக்குக் காவல் கிடக்கிற நாயும் மட்டும்தான்.

முதலில் என் மகளையே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்களைச் சொல்ல எனக்கு வாய் வரும். சுகுமாரிக்கு சாயங்காலம் ஐந்து பத்துக்கு பஸ். அதை விட்டால் ஆறரைக்குத்தான். அதனால் காலையில் பெயரை அடித்து நுழைந்ததும் முதல் வேலையாகத் தன் பெட்டியை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைப்பாள். வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான் ஓடுகிறது. இருபது நிமிஷம் கூடுதல் என்று அவளுக்கே தெரியும், தெரிந்தும் அதைப் பார்த்துப் பதறி ஓடுவாள். ஷிபு அம்பூரிப் பையன், பால் பரிசோதனை அவன் வேலை. அவன் பெட்டிக்குள் ஏதோ பாட்டரி செத்துப்போயிற்றாம். கறண்டு போய்த் திரும்ப வந்தால் அந்தப் பெட்டி எழுந்ததும் 1980, ஒன்றாம் மாதம், ஒன்றாம் தேதி என்று காட்டும். பெரிய பெட்டி எழும்பி நேரம் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகும், ஷிபு அதுவரை பொறுக்க மாட்டான், 1980-லேயே வேலையைத் தொடங்கிவிடுவான். உன்னிடம் சொல்வதற்கென்ன, தினமும் பவர்கட் முடிந்ததும் நான் போய் அந்தப் பெட்டியின் முன்னால் கொஞ்சம் நிற்பேன். அதில் எனக்கு முழங்கால் வலி தொடங்கவில்லை. சுகுமாரிக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவள் மாப்பிள்ளை சாகவும் இல்லை. எனக்கு மேல்வரிசையில் ஒன்பது பல் இருக்கிறது. பிறகு ஷிபுவுக்கு ஞாபகம் வரும்போது, பள்ளியில் பன்னிரண்டு மணிக்கு அடிக்கிற மணியைக் கேட்டுப் பெட்டியைத் திருத்துவான். அந்த மணியை அடிக்கிறவரோ குளித்து, துணி அலசி, ஈரத்தை உதறிக் காயப்போட்டுவிட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பார்.

இவர்களையெல்லாம் விழுங்கியவள் டைப்பிஸ்ட் ஸ்ரீகுமாரி. அவளுக்கு ராகுகாலத்தில் எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் சங்கத்தில் ராகுகாலம் என்று ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டி உட்கார முடியுமா? அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ராகுகாலம் தொடங்க ஒரு நிமிஷம் இருக்கும்போது தன் பெட்டியை ஐந்து நிமிஷம் பின்னால் இழுத்து வைப்பாள். அது மறுபடி நெருங்கி வந்தால் மறுபடி இழுப்பாள். இப்படி ஒன்றரை மணி நேரமும் பெட்டியை வாசலிலேயே நிறுத்திவைத்து, வெளியே ராகுகாலம் கழிந்ததும் ஒரே தாண்டாகத் தாண்டவைப்பாள். அந்தப் பெட்டி வாங்கிய நாள் முதல் ஒரு ராகுகாலத்தைக்கூடப் பார்த்ததில்லை.

ஷிபு ஒருநாள் கேட்டான்: "அக்கா, கம்ப்யூட்டருக்கும் உண்டா ராகுகாலம்?"

"கறண்டு ஓடுத சாதனமாக்கும். வல்லதும் வந்தா நீயா வந்து சமாதானம் சொல்லுவ?" என்றாள்.

இதனால் நடந்ததையெல்லாம் சொன்னால் ராஜையா சார் தாள் போதாது என்பார். காலையில் கொண்டுவந்த பாலை முந்தின நாளே பரிசோதித்ததாகச் சீட்டு வரும். தனுவச்சபுரத்துக்காரர் ஒருவர் 1980-ல் முப்பது லிட்டர் பால் அளந்ததாக வந்தது, அவர் மரம் நட்டதே 1986-ல். நாற்றங்காலில் இருந்தே கறந்துவிட்டார் என்று நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். ராஜதாஸும்தான் சிரித்தார். இந்த மகர மாதத்தில் சிரிப்பு நின்றது.

மகரத்தில் சங்கத் தேர்தலுக்கு மனு கொடுக்க வேண்டும். ராஜதாஸ் பதினைந்து வருஷமாக எதிர்ப்பில்லாமல் வந்துகொண்டிருக்கிறார். இந்தத் தடவையும் முதல் நாளே மனுவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். கடைசி நாள் வியாழன், மூன்று மணி வரை. அன்று காலையில் விஜயம்மா பால் கொண்டுவந்தாள். விஜயம்மா என்றால் இந்தக் கடிதத்தை எழுதுகிற ராஜையா சாரின் மனைவி, சங்கத்துக்கு அடுத்த வீடு. ராஜதாஸ் வரிசையில் இருபது பேர் கேட்கும்படி, "விஜயம்மாக்க பாலுல நல்ல தெளிவு உண்டு, கெணத்துத் தெளிவு" என்றார். அவள் பாத்திரத்தைக் கழுவி வீட்டில் வைத்துவிட்டு, நேராகப் போய் மனுத்தாள் வாங்கினாள். முன்மொழிய ஓர் ஆள், வழிமொழிய ஓர் ஆள் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கித் திரும்பும்போது மணி ஒன்றரை. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம்.

சிக்கல் உனக்குப் புரிகிறதா? ராகுகாலம் முடிவது மூன்று மணிக்கு. மனு வாங்குவது முடிவதும் மூன்று மணிக்கு. நடுவில் ஓர் ஊசி நுழைய இடம் கிடையாது. விஜயம்மா மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்து வராந்தாவில் வந்து நின்றாள். ரேடியோ கேட்டு வைத்த வாட்சு அவள் கையில். ராஜதாஸ் உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, மூணு மணி ஆவப் போவுது, கால் கடுக்குமே, கேறி வாருங்க" என்றார். ராகுகாலத்தில் அவள் படி ஏற மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவள் "ஆவட்டு" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. அடுத்த வீட்டில் இருந்து தினமும் ரேடியோவையும் கேட்கிறாள், நான் அடிக்கிற மணியையும் கேட்கிறாள். ரேடியோவுக்குப் பிறகு கால் மணி நேரம் கழித்துத்தான் சங்கத்து மணி கேட்கும். அந்த இடைவெளியில்தான் அவள் நுழைந்தாள். அவள் வாட்சில் மூன்று இரண்டு ஆனதும் வலது காலை எடுத்து வைத்தாள். இதை எழுத வேண்டாம் என்று ராஜையா சார் பேனாவை மூடி வைக்கிறார். எழுதும் சார், அனூஜ் நம்ம பிள்ளைதானே என்றேன். எழுதிவிட்டார்.

சுகுமாரி மனுவை வாங்கிப் பெட்டியில் அடித்தாள். அவள் பெட்டி மூன்று ஏழு என்று போட்டது. உறுப்பினர்தானா என்று பார்க்க மனு ஷிபுவிடம் போயிற்று. அவன் பெட்டி இரண்டு முப்பத்தொன்று என்று போட்டது. ரசீது அடிக்க ஸ்ரீகுமாரியிடம் போயிற்று. அவள் பெட்டி இன்னும் ராகுகாலத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தபடியால் ஒன்று இருபத்தேழு என்று போட்டது. விஜயம்மா ரசீதை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். அதன் பிறகுதான் நான் வளையத்தில் மூன்று அடித்தேன். வளையம் உனக்குத் தெரியும், பலாமரத்தில் தொங்குகிற லாரிச் சக்கரத்து இரும்பு.

மறுநாள் ராஜதாஸ் தேர்தல் அதிகாரிக்குப் புகார் எழுதினார். மனு வந்தது மூன்று ஏழுக்கு, கம்ப்யூட்டர் போட்டிருக்கிறது, சுகுமாரி நேரம் கழிந்து வாங்கியிருக்கிறாள், மனுவைத் தள்ள வேண்டும், அவளை வேலையிலிருந்து நீக்க வேண்டும். சுகுமாரி அன்று வீட்டுக்கு வந்து பசுவுக்குத் தண்ணீர் வைத்தாள், வைத்த வாளியையே மறுபடியும் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் விட்டாள். மாப்பிள்ளை போன பிறகு அவளுக்கு அந்த மேஜைதான். எனக்கு எழுபத்தாறு. நான் இன்னும் எத்தனை நாள் அவளுக்கு?

திங்கட்கிழமை அதிகாரி நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தார். மெலிந்த, பொறுமையான மனிதர். மூன்று சீட்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தார், வரிசையை மாற்றி வைத்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி முதல்போல் வைத்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அப்போ இந்த அம்மாவுக்கு ஆத்யம் ரசீது குடுத்திருக்கு. ஒரு மணிக்கூர் கழிஞ்சு மனுவைப் பரிசோதிச்சிருக்கு. எல்லாம் கழிஞ்சு அரை மணிக்கூர் ஆன பெறகு அவங்க வந்திருக்காங்க. அப்படித்தானே?"

ராஜதாஸ் சொன்னார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாது சாரே. வாங்குன மேசையில மூணு ஏழு. கம்ப்யூட்டர் பொய் பறையாது."

நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியானால் பிரசிடெண்டின் மனுவிலும் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாமே என்றேன். அது எனக்குத் தெரியும். மனு வாங்கத் தொடங்கிய முதல் நாள் சுகுமாரி லீவு, மனுவை வாங்கியது ஷிபு, அதுவும் கறண்டு வந்த கையோடு. அதிகாரி சீட்டை எடுத்துப் பார்த்தார். ராஜதாஸ் மனு கொடுத்தது 1980 ஜனவரி ஒன்றாம் தேதி, காலை பன்னிரண்டு நாலுக்கு.

"சாரே, அந்த வருசம் இவரு சங்கத்துல அங்கமே இல்ல" என்றேன். "களியக்காவிளையில லாரிக்குக் கிளீனரா இருந்தாரு. இங்க அங்கம் ஆனது எண்பத்தி ரெண்டு கன்னி மாசம், செல்லையனுக்க மகளுக்குக் கல்யாணம் களிஞ்ச ஏழாம் நாளு. கம்ப்யூட்டர் பொய் பறையாதுண்ணா இவருக்க மனுவும் தள்ளணுமே."

ஷிபு இருமுவதுபோல் வெளியே போனான். ராஜதாஸ் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கிளீனர் தெரிந்தார்.

அதிகாரி, சரி, சின்னப் பெட்டிகளை விடுங்கள், பெரிய பெட்டியின் நேரத்தை யார் வைக்கிறார்கள் என்று கேட்டார். ராஜதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது மட்டும் கைவிட்டுப் போகவில்லை, தானே வைப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமைதோறும் பத்து மணிக்குச் சங்கத்து மணி அடித்ததும், வராந்தாவிலிருந்து எழுந்து, கண்ணாடி அறைப் பூட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடி போட்டு, பத்து என்று அடித்து வைப்பதாகவும், ஒரு திங்களும் தவறியதில்லை என்றும் சொன்னார். அதிகாரி சந்தோஷமாக அதை எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, நீர் எந்தக் கடிகாரம் பார்த்து மணி அடிக்கிறீர் என்றார்.

மக்கா, நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐப்பசித் துலா மழையில் என் வாட்சு நனைந்து நின்றுபோனது எல்லாருக்கும் தெரியும். "பெரிய பெட்டியப் பாத்தாக்கும் சாரே" என்றேன். "கண்ணாடி வழியா நல்லாத் தெரியும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அவர் விரலால் மேஜையில் ஒரு வட்டம் போட்டார். நான் பெட்டியைப் பார்த்து அடிக்கிறேன், இவர் நான் அடிப்பதைக் கேட்டுப் பெட்டியில் வைக்கிறார். கேட்டு, எழுந்து, பூட்டைத் திறந்து, கண்ணாடி போட்டு வைப்பதற்குள் ஒரு நிமிஷம் போகும். அந்த ஒரு நிமிஷம் பெட்டிக்குக் குறையும். பெட்டிக்குக் குறைந்தால் எனக்குக் குறையும். அடுத்த திங்கள் இன்னொரு நிமிஷம். துலாம் முதல் பதினைந்து திங்கட்கிழமை, பதினைந்து நிமிஷம். இப்படியே நாங்கள் இருவரும் ஆரோக்கியமாக இருந்தால் ஏழு வருஷத்தில் சங்கம் காலை பத்து மணியைச் சாயங்காலம் நாலு மணிக்குத் திறக்கும் என்று ராஜையா சார் கணக்குப் போட்டுச் சொல்கிறார்.

அதிகாரி பேனாவை மூடினார். இந்த அலுவலகத்தில் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது, ஆகையால் எந்த மனுவும் நேரத்துக்குள் வந்ததாகச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் தள்ளுகிறேன், மனு வாங்கிய மேஜைக்காரி கவனக்குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுவரை அவர் வேலைக்கு வர வேண்டாம் என்றார். சுகுமாரி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பால் அந்தப் பெட்டியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், திருப்பிக் கொடுக்கிற சாமானைத் துடைப்பதுபோல.

அப்போதுதான் நான் சொன்னேன். நேரம் உண்டு என்றேன். தெற்குத் தாலூகாக்கள் தமிழ்நாட்டுக்குப் பிரிந்து போன மறு வருஷம், சங்கம் தொடங்கிய அன்று, டைரக்டர்கள் ஆறு பேரும் உட்கார்ந்து தீர்மானம் போட்டார்கள். இந்த எல்லையில் ஆளுக்கொரு நேரம், அம்பலத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, ஆகையால் சங்கத்துக்கு நேரம் என்பது வளையத்தில் அடிக்கிற மணிதான், அது முந்தினாலும் பிந்தினாலும் அதுதான் நேரம் என்பது தீர்மானம். அந்தப்படிக்கு மூன்று அடிப்பதற்கு முன் விஜயம்மா ரசீது வாங்கிப் படி இறங்கிவிட்டாள் என்றேன்.

மினிட் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். முதல் பக்கத்தின் மேல்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. கீழ்ப்பாதியில் தேதியும், 'மேற்படித் தீர்மானத்துக்கு ஒப்பம்' என்ற வரியும், ஆறு கையெழுத்தும், ஒரு பெருவிரல் ரேகையும் இருந்தன. அந்த ரேகை என்னுடையது என்றேன். ஸ்ரீகுமாரி மைப்பெட்டி கொண்டுவந்தாள், திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஒன்பதுக்கே முடிந்திருந்தும் ஒரு தடவை மணி பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். அதிகாரி என் விரலை வைத்துப் பார்த்து, ஷிபுவின் பூதக்கண்ணாடியால் இரண்டையும் நெடுநேரம் ஒப்பிட்டார். நாற்பது வருஷத்தில் விரல் தேய்ந்திருந்தாலும் சுழி மாறவில்லை. ஒப்பமிட்டவர்களில் யாராவது இருக்கிறார்களா என்றார். ஆறு பேரும் போன நாளையும் போன விதத்தையும் சொன்னேன், செல்லையன் ஜலதோஷம் என்று படுத்து மூன்றாம் நாள் போனது வரைக்கும். அவர் தலையாட்டிவிட்டு, இந்த ஒப்பம் என்கிற வரி ரொம்ப நல்ல கையெழுத்தாக இருக்கிறதே, எழுதியது யார் என்று கேட்டார்.

"ஓர்மை இல்ல சாரே, மறந்துட்டேன்" என்றேன்.

சங்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

அதிகாரி தீர்ப்பை எழுதினார். மனு செல்லும், இரண்டு மனுவும் செல்லும். ஆனால் ஒரு மாதத்துக்குள் நாலு பெட்டியும் சங்கத்து மணியோடு ஒத்து ஓட வேண்டும், ஒத்து ஓடுகிறது என்று பெட்டி வைத்தவரிடமிருந்து கடிதம் வேண்டும். இல்லையென்றால் சுகுமாரி மேலுள்ள புகாரைத் திரும்பத் திறப்பார்.

மறுநாளே ஒத்திகை பார்த்தோம். விஜயம்மாவின் வாட்சைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு நான் வளையத்தடியில் நின்றேன். நாலு பேரும் பத்து என்று அடித்துவைத்துவிட்டு, விரலைப் பொத்தான்மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மணி கேட்டதும் எல்லாரும் ஒன்றாக அமுக்க வேண்டும். நான் பத்து மணிக்குப் பத்து அடி அடித்தேன். ஷிபு முதல் அடியில் அமுக்கினான். ஸ்ரீகுமாரி பத்தாவது அடியில். சுகுமாரி எண்ணிக்கொண்டே வந்து ஏழில் பயந்து அமுக்கிவிட்டாள். ராஜதாஸ் எல்லாம் ஓய்ந்து சத்தம் அடங்கிய பிறகு கௌரவமாக அமுக்கினார். பத்து அடியில் எது பத்து மணி என்று அன்று மத்தியானம் வரை தர்க்கம். முதல் அடி விழும்போதே பத்து ஆகிவிட்டது என்கிறான் ஷிபு. "அது வெறும் ஒண்ணாக்கும்லே, பத்து அடிச்சாத்தான் பத்து" என்கிறாள் ஸ்ரீகுமாரி. பன்னிரண்டு மணிக்கு அடிக்கிறபோது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகுமே என்று ராஜதாஸுக்கு வேறு கவலை. நாற்பது வருஷமாக அடிக்கிற எனக்கே இப்போது முதல் அடியை ஓங்கிவிட்டு, இதுதானா பத்து என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே மருமகனே, எந்த அடி என்று நீ முடிவு செய்து எழுது. சின்னப் பெட்டிகளில் யாரும் நேரத்தில் கை வைக்க முடியாதபடி பூட்டுப் போட ஏதாவது வழி இருந்தால் வந்து போட்டுவிட்டுப் போ. கடிதத்தையும் கையோடு கொடு.

உன் கையால் ஒரு குடும்பம் நிமிர வேண்டும். நீ இன்னும் பத்து இடத்தில் பெட்டி வைக்க வேண்டும், எல்லாம் ஒன்றுபோல் ஓட வேண்டும். வீட்டில் பெரியவர்களை என் நமஸ்காரமும் குழந்தைகளை என் முத்தமும் சேரட்டும். வரும்போது கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு வா. பசு மறுபடி சினை.

இப்படிக்கு,
மாமன் வேலாயுதன் (இடது கைப் பெருவிரல்)

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாம் சரிதான், தீர்மானத்தைத் தவிர. அன்றைக்கு டைரக்டர்கள் வளையத்து மணியைப் பற்றித் தீர்மானம் போட்டது உண்மை. ஆனால் போட்ட தீர்மானம் வேறு. மணி அடிக்கிற வேலையை எக்காரணம் கொண்டும் வேலாயுதனுக்குக் கொடுக்கக் கூடாது, அவனுக்கு நேரபோதம் கிடையாது என்பதாக்கும் தீர்மானம். வேலையை டைரக்டர்களில் ஒருவனான செல்லையனே ஏற்றுக்கொண்டான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நானும் சிரித்துக்கொண்டே விரல் வைத்தேன். திரும்பி வரும் வழியில், "அண்ணா, ஒனக்க எதிருக்கு நீயே வெரலு வச்சிட்டு வாறியே" என்று கூட வந்தவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பதினோராம் நாள் செல்லையன் எஸ்டேட் வேலை கிடைத்துப் போய்விட்டான், நான் கம்பியை எடுத்தேன், அன்று முதல் யாரும் கேட்கவில்லை. இப்போது ராஜதாஸ் அந்தக் கீழ்ப்பாதிப் பக்கத்தை நகல் எடுத்து, கையெழுத்து யாருடையது என்று வயதானவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார். நேற்றுப் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார், கண் காட்டவாம். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ராஜையா சார் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், ஆனால் விஜயம்மாவின் மனு இருப்பதால் அவர் வாய் திறக்க மாட்டார். ராஜதாஸ் உன் வாசலுக்கு வந்தால் சாயா கொடு, பலகாரம் கொடு, கோயில் குளம் காட்டு, உள்ளறைக்கு மட்டும் விடாதே. அன்று அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தோம். டைரக்டர்கள் ஆறு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். நான் ஓர்மை இல்லை என்று சொல்லியாயிற்று. பாக்கி உயிரோடு இருப்பது அந்தத் தீர்மானத்தைத் தன் கையால் எழுதிய ஒருத்தி மட்டும்தான், ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத உன் அம்மை, என் தங்கச்சி அம்மிணி.